அங்கவடி வார்: இடுப்பு மூட்டுச் சிகிச்சையின் வரலாறு

உடலின் பாரத்தைத் தாங்கும் மூட்டுக்களுள் முதன்மையானது இடுப்பு மூட்டாகும். தொடையென்பின் பந்து போன்ற தலை, இடுப்பென்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியினுள் பொருந்திச் சுழல்கின்றது. சில குழந்தைகட்குப் பிறப்பிலேயே அக்கிண்ணம் ஆழங் குறைந்திருக்கும். என்பின் தலை அதனுள் நில்லாது நழுவிவிடும். கைக்குழந்தைக்கு இதனால் நோவில்லை. ஆதலின் பெற்றோர் அறிவதுமில்லை. நடக்கத் தொடங்கிய குழந்தை ஒருபுறஞ் சாய்ந்து நொண்டும்போதே குறை வெளிப்படும். இச்சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் இக்காலதாமதத்தோடு வைத்தியர் நடத்திய போராட்டமேயாகும்.

பிறவியிலேயே இடுப்பு விலகுதலுண்டு என்பதைக் கிரேக்க வைத்தியராகிய ஹிப்போகிரட்டீஸ் அறிந்திருந்தார். பிரான்சிய சத்திர வைத்தியர் டுப்பியித்திரன் 1826ஆம் ஆண்டில் இதனை விரிவாக ஆராய்ந்தெழுதினார். ஆயின் இதனை மாற்ற இயலுமென அவர் நம்பினாரல்லர்.

அந்நம்பிக்கையை உலகுக்கு ஊட்டியவர் வியன்னா நகரத்து அடொல்ப் லொரென்ஸ். முதலிற் சத்திரசிகிச்சையே செய்து வந்த அவருக்கு, கிருமி நீக்கும் காபொலிக்கமிலத்தாற் கைத்தோல் கெட்டது. கத்தியைக் கைவிட்ட அவர், விலகிய தொடையென்பைக் கைவலியால் இழுத்துத் திருப்பிக் குழியினுட் புகுத்தி, இரு தொடைகளையும் தவளையின் கால்கள் போல அகல விரித்துப் பாரிஸ் சாந்துக் கட்டினுள் மாதக்கணக்கில் இருத்தினார். இரத்தஞ் சிந்தாத வைத்தியர் எனப் பெயர் பெற்றார். 1902இல் சிக்காகோவின் இறைச்சி வணிகச் செல்வர் ஆர்மர் என்பவரின் மகளுக்குச் சிகிச்சை செய்ய அவர் கடல் கடந்து சென்றமை அமெரிக்கப் பத்திரிகைகளுக்குப் பெருஞ்செய்தியாயிற்று.

ஆயின் 1895இற் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிர் வேறொரு கதையையுங் காட்டிற்று. குழியினுட் சேர்ந்த என்பின் தலை பல குழந்தைகளிற் சிதைந்து உருக்குலைந்தது. அளவிறந்து விரித்து அசையாது கட்டியதனால், என்பின் தலைக்குச் செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் நெருக்குண்டன. இரத்தமின்றி என்பு மாய்ந்தது. நோய் செய்யாத கேட்டைச் சிகிச்சை செய்தது. லொரென்ஸின் திறமையைக் குறைகூறுதல் எளிது. நடக்குந் தறுவாயிலுள்ள குழந்தையே அவரிடங் கொண்டுவரப்பட்டது என்பதையும் நினைத்தல் வேண்டும். அவ்வயதிற் தசைகள் இறுகிவிடுமாதலின் வலிமையன்றி வேறு வழியும் அவருக்கிருக்கவில்லை.

எனவே குறையை முன்னதாக அறிதலே தேவையாயிற்று. இத்தாலியிற் பொலோஞா நகரத்து விற்றோரியோ புற்றி, கைக்குழந்தைப் பருவத்திலேயே கால்களை விரித்து வைக்குஞ் சாதனத்தைப் பயன்படுத்த வேண்டுமென வற்புறுத்தினார். பெராரா நகரத்துக் குழந்தை வைத்தியர் மரீனோ ஓர்டொலானிக்கு வழிகாட்டியவள் ஒரு தாய். குழந்தையைக் கழுவும்போது இடுப்பில் ஒரு சொடுக்கு உண்டாவதை அவள் சொன்னாள். அச்சொடுக்கு என்பின் தலை குழியினுட் புகும் ஓசையென்று அவர் உணர்ந்து 1937இல் வெளியிட்டார். வைத்திய நூல்களில் இச்சோதனை அவர் பெயராலேயே வழங்குகின்றது. தாயின் பெயர் எங்குமில்லை. 1941இற் புர்னோ நகரத்துப் பிரெய்க்கா, தொடைகளுக்கிடையில் வைக்கும் மெத்தையொன்றை அறிமுகஞ் செய்தார்.

செக்கோசிலோவாக்கியாவின் ஒலமவுட்ஸ் நகரிற் பணிபுரிந்த ஆர்னோல்ட் பாவ்லிக் (1902-1965) வினாவையே மாற்றினார். இடுப்பை எவ்வாறு அசையாது நிறுத்துவது என ஏனையோர் ஆராய, அவர் அதனை எவ்வாறு அசையவிடுவது என ஆராய்ந்தார். தோளிலும் மார்பிலும் பூட்டிய வார்களிலிருந்து, குதிரைச் சேணத்தின் அங்கவடி போன்ற இரு தாங்கிகள் குழந்தையின் பாதங்களை ஏந்தும். இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கும். நீட்டுதல் மாத்திரமே தடைப்படும். குழந்தை உதைக்கலாம், புரளலாம். அவ்வுதைப்பினாலும் தொடையின் பாரத்தினாலும் இறுகிய தசைகள் தாமே தளர, தொடைகள் சிறிது சிறிதாக விரிந்து, என்பின் தலை குழியை அடைகின்றது. வைத்தியரின் கை செய்ததைக் குழந்தையின் காலே செய்கின்றது.

கால்களை நீட்டிச் சுற்றிக் கட்டும் வழக்கமுள்ள நாடுகளில் இக்குறை மிகுதியென்பது பின்னாளில் நன்கு புலப்பட்டது. யப்பானில் 1970களில் அவ்வழக்கத்தைக் கைவிடச் செய்த பிரசாரத்தின் பின் இது பெரிதுங் குறைந்தது. நம் தாய்மார் குழந்தையை இடுப்பில் ஏந்துகையில் அதன் தொடைகள் கொள்ளும் நிலையும் பாவ்லிக் விரும்பிய நிலைக்கு நெருங்கியதே.

எனினும் ஒரு கேள்வி எஞ்சியது. இங்கிலாந்தின் பார்லோ 1962இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறந்த குழந்தைகளுள் ஏறக்குறைய 60இல் ஒன்றுக்கு இடுப்பு உறுதியற்றிருந்தது. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை முதல் வாரத்திலும், 88 வீதமானவை இரண்டு மாதத்திலும் தாமே சீராயின. அங்ஙனமாயின் பிறந்தவுடன் வார் பூட்டப்பட்டுக் குணமடைந்த குழந்தைகளுள் வாரினாலே குணமடைந்தோர் எத்துணையர்? 1980இல் ஒஸ்திரிய வைத்தியர் கிராப் தொடக்கிவைத்த மீயொலிச் சோதனை, வார் எவருக்குத் தேவை எனத் தெரிவதற்கு ஓரளவு உதவிற்று. வாருந் தீங்கற்றதன்று. மிகையாக மடக்கினால் நரம்பு நலியும். வலிந்து விரித்தாற் பழைய கேடே திரும்பும். மூன்று நான்கு வாரத்துள் என்பு குழியிற் சேராவிடின் கழற்றிவிடல் வேண்டும்.

பாவ்லிக் தம் முறையை 1950இற் செக் மொழியிலும், 1957இல் ஜேர்மன் மொழியிலும் எழுதினார். ஜேர்மன் பெயராலேயே யப்பானியர் அவ்வாரை அழைக்கின்றனர். அக்கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சேறியது, அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழிந்த பின், 1992இல்.