மூன்று முறை எழுதச் சொன்ன ஆங்கிலப் பாடம்

பள்ளியில் படிக்கும்போதே வெளிநாட்டு மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வது சுலபம். ஆனால் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு பிள்ளைகளுக்கு அந்த ஆசையை எப்படி உண்டாக்குவது? இதற்குப் பதில் திருச்சுழியில் பிறந்த ஒரு மாணவனின் வாழ்க்கையில் இருக்கிறது.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில் இருப்பது திருச்சுழி. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி. பொய்த்தால் ஒன்றுமில்லை. நிலத்தை நம்ப முடியாத ஊரில், வசதி உள்ளவர்கள் படிப்பை நம்பினார்கள். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷன் திருச்சுழிக்குப் பக்கத்தில் உள்ள மண்டபசாலை வரை வந்திருந்த காலம் அது. ஆங்கிலம் தெரிந்தால் குமாஸ்தா வேலை, சர்க்கார் உத்தியோகம். தெரியாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்!

1879 டிசம்பர் 30 அன்று அந்த ஊர் வக்கீல் சுந்தரம் ஐயருக்கு மகனாகப் பிறந்தவர் வெங்கடராமன். ஆரம்பப் படிப்பு திருச்சுழியில், பிறகு ஒரு வருடம் திண்டுக்கல்லில். 1892இல் அப்பா இறந்துவிட, மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி ஸ்காட் நடுநிலைப்பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியிலும் படித்தார். ஒரு முறை கேட்டால் பாடம் மனதில் நிற்கும். ஆனால் மனமெல்லாம் கால்பந்திலும் குஸ்தியிலும்!

1896 ஜூலையில் அவருக்கு ஏற்பட்ட மரண அனுபவத்துக்குப் பிறகு இருந்த கொஞ்ச நஞ்சப் படிப்பு ஆர்வமும் போய்விட்டது. ஆகஸ்ட் 29ஆம் தேதி, பாடம் படிக்காததற்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. இரண்டு முறை எழுதினார். மூன்றாவது முறை எழுதும்போது நோட்டைத் தள்ளி வைத்தார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயையும் தமிழில் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்தது திருவண்ணாமலை. அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

அவர் கிளம்பக் காரணம் ஆங்கில இலக்கணம் அல்ல. ஆனால் கதையின் அடுத்த பகுதியைப் பாருங்கள்.

திருவண்ணாமலையில் அவருக்குத் துணையாக இருந்த பழனிசாமி ஒரு மலையாளி. அவர் தமிழ் நூல்களைச் சிரமப்பட்டுப் படிப்பதைப் பார்த்து, ரமணர் தாமே வாங்கிப் படித்துச் சாரத்தைச் சொன்னார். இப்படியே, வருகிறவர்கள் கொண்டுவந்த புத்தகங்கள் மூலமும் அவர்கள் கேட்ட கேள்விகள் மூலமும் மலையாளம், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்றுக்கொண்டார். பரீட்சை இல்லை, பிரம்பு இல்லை! தமிழில் எழுதிய 'உபதேச உந்தியாரை' அந்த மூன்று மொழிகளிலும் தாமே ஆக்கினார். நோட்டைத் தள்ளி வைத்த மாணவனா இது?

சரி, அந்த ஆங்கிலம் என்ன ஆயிற்று? வீணாகப் போகவில்லை. 1911இல் ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலேய போலீஸ் அதிகாரி வந்தார். 1931இல் பால் பிரண்டன் வந்தார். பிறகு பல நாட்டவர் வந்தார்கள். ரமணர் பெரும்பாலும் தமிழில்தான் பதில் சொன்னார், மற்றவர்கள் மொழிபெயர்த்தார்கள். ஆனால் ஆங்கிலப் பத்திரிகை படிக்கவும், கேட்பவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், மொழிபெயர்ப்பவர் தவறினால் திருத்தவும் அந்தப் பள்ளிக்கூட ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. பள்ளி ஒரு விதையைப் போட்டது. அதை முளைக்க வைத்தது எதிரே உட்கார்ந்திருந்த மனிதர்கள்.

இன்றைக்கும் மேல்நிலை வகுப்பில் மார்க் நிறைய வரும் என்பதற்காகவே பிரெஞ்சு எடுப்பவர்கள் உண்டு. ரிசல்ட் வந்ததும் மொழி மறந்துவிடுகிறது. காரணம் மொழியும் இல்லை, மாணவனும் இல்லை. அதைப் பேசிப் பார்க்க ஒரு ஆளும், படித்துப் பார்க்க ஒரு புத்தகமும் கிடைக்கவில்லை.

இந்தக் கரிசல் சீமைப் பிள்ளைகளுக்கு இரண்டாவது மொழி என்பது புதிதும் அல்ல. அருப்புக்கோட்டையில் தேவாங்கர் நெசவாளர் வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள், சுற்று வட்டாரக் கிராமங்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று ஐந்து வயதிலேயே மாறி மாறிப் பேசும் பிள்ளைக்கு ஜெர்மனோ ஜப்பானிய மொழியோ மட்டும் வராமலா போகும்?

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் ஜெர்மன், சுவிஸ் கம்பெனி இயந்திரங்கள் ஓடுகின்றன. அதில் எழுதியிருக்கும் ஒரு ஜெர்மன் வார்த்தைக்கு அர்த்தம் தேடச் சொல்லலாம். வெளிநாட்டுப் பள்ளி மாணவன் ஒருவனோடு இணையத்தில் பேச வைக்கலாம். வேலை கிடைக்கும் என்று சொல்வதில் தப்பில்லை, ஆனால் அது மட்டும் போதாது. தெரிந்துகொள்ள ஒரு காரணம் கிடைத்தால் பிள்ளைகள் தாங்களாகவே படிப்பார்கள்.

மூன்று முறை எழுதச் சொல்வதை விட, ஒரே ஒரு முறை கேட்க வைப்பது மேல்!