துவக்கின் விசையும் ஊவாவின் வரலாறும்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் இறாத்தல் என்றால் கொழுந்தின் நிறைதான் நினைவுக்கு வரும். மலைச்சரிவில் நாள் முழுவதும் பறித்த கொழுந்தை இறாத்தல் கணக்கில் நிறுத்தே அன்றைய பேர் போட்டார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர். மெட்ரிக் அளவை வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் முதியோர் வாயில் அந்தச் சொல் நிலைத்திருந்தது.

அதே இறாத்தலால் அளக்கப்பட்ட இன்னொரு பொருளும் ஊவாவில் இருந்தது. அது துவக்கின் விசை. ஈழத்தில் துவக்கு என்று நாம் சொல்வதைத் தமிழகத்தார் துப்பாக்கி என்பர். அதன் விசையை விரலால் இழுத்துவிடுவதற்கு எத்தனை இறாத்தல் பலம் வேண்டும் என்பது, துவக்குச் செய்வோரும் சுடுவோரும் சில நூற்றாண்டுகளாக விவாதித்துவரும் விடயம். விசை பாரமாக இருந்தால், இழுக்கும் கணத்தில் துவக்கின் வாய் அசைந்து குறி தப்பும். இலகுவாக இருந்தால் குறி தப்பாது. ஆனால் கை தவறிப் பட்டாலும் வெடிக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தைத் தேடுவதே விசையைச் சீர்செய்யும் கலை. ஊவாவில் அந்த விசை யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மாகாணத்தின் வரலாற்றில் ஒரு பகுதி விளங்கும்.

1817 ஒக்டோபரில், பதுளையில் ஆங்கிலேய நிர்வாகத்தின் பிரதிநிதியாக இருந்த மேஜர் வில்சன் கொல்லப்பட்டதோடு ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி பெருநெருப்பாயிற்று. அவரைக் கொன்றது அம்பு. கண்டி இராச்சியத்தாரிடம் துவக்கு இல்லாமல் இல்லை. போர்த்துக்கேயரிடம் கற்ற தொழிலைச் சிங்களக் கம்மாளர் தமதாக்கி, இடது பக்கத்தில் பொறி அமைந்த சக்கிமுக்கிக் கல் துவக்குகளைச் செய்துவந்தனர். அத்தகைய துவக்கில் விசையை இழுத்தவுடன் குண்டு பாய்வதில்லை. கல் உரசித் தீப்பொறி பறந்து, கிண்ணத்து மருந்து பற்றி, பின்னரே குழலுக்குள் நெருப்புச் சேரும். அந்த இடைவெளி முழுவதும் கை அசையாதிருக்க வேண்டும். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை அதன் தலைவரானபோது, ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார் என்பர். 1818 நவம்பர் 26ஆம் திகதி அவர் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அடுத்த தலைமுறையில் ஊவாவின் புகழ்பெற்ற துவக்கு மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸுடையது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த இவர், 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் வெட்டப்பட்ட காலம் அது. யானையைக் கொல்பவருக்கு அரசாங்கம் வெகுமதியும் கொடுத்தது. சக்கிமுக்கிக் கல் போய், தட்டினால் வெடிக்கும் தொப்பி துவக்குக்கு வந்துவிட்டதால், விசைக்கும் வேட்டுக்கும் இடையிலான தாமதம் அநேகமாக மறைந்தது. வேட்டைக்காரர் விரும்பிய இரட்டைக் குழல் துவக்கில் ஓர் ஆபத்தும் இருந்தது. விசையை அளவுக்கு மீறி இலகுவாக்கினால், முதற் குழலின் அதிர்ச்சியில் இரண்டாவதும் தானே வெடித்துவிடக்கூடும். றொஜர்ஸை முடித்தது துவக்கோ யானையோ அல்ல. 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். அவர் நினைவாக எழுந்ததே பதுளையின் புனித மாற்கு தேவாலயம். யானைகள் அகன்ற மலைகளில் கோப்பியும், பின்னர் தேயிலையும் வளர்ந்தன. அவற்றை வளர்க்கத் தமிழகத்திலிருந்து நம்மவர்கள் வந்தனர்.

1900இல் தியத்தலாவைக்கு வேறொரு கூட்டம் வந்தது. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போவர் கைதிகளை ஆங்கிலேயர் கப்பலேற்றி இங்கே முகாமில் அடைத்தனர். இலங்கைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். தொலைவிலிருந்து குறி தவறாது சுடும் இந்தக் குடியானவர்களிடம் பட்ட அடி, பிரித்தானியப் படைக்குத் துவக்குப் பயிற்சியின் அவசியத்தை உணர்த்தியது. அந்தப் போரின் படிப்பினைகளோடு உருவானதே குறுகிய லீ என்பீல்ட் துவக்கு. நம் ஊர்களில் 'திரீ நொட் திரீ' என்று பெயர் பெற்றது இதுவே.

அதன் விசையில் இரண்டு படிகள் உண்டு. முதற் படிக்கு 3 முதல் 4 இறாத்தல் வரை இழுவை போதும். அங்கே விரல் ஒரு தடையை உணரும். அதன் பின் 5 முதல் 6.5 இறாத்தல் வரை அழுத்தினால்தான் வேட்டுத் தீரும். முதற் படி பாதுகாப்பு, இரண்டாம் படி முடிவு. சுடுபவர் தாம் எந்தக் கணத்தில் சுடப்போகிறோம் என்பதை விரல் நுனியில் அறிந்துகொள்ள முடிந்தது.

இத்தகைய துவக்குகளை ஏந்தித் தோட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் இலங்கைத் தோட்டத்துரைமார் துவக்குப் படையினர். 1900இல் அமைக்கப்பட்டு 1949இல் கலைக்கப்பட்ட இந்தத் தொண்டர் படையில் ஐரோப்பியருக்கு மட்டுமே இடம் இருந்தது. முதலாம் உலகப் போரில் இதன் ஒரு பிரிவு எகிப்துக்கும், பின்னர் கலிப்பொலிக்கும் சென்றது. கொழுந்தின் நிறையில் பேர் போட்ட துரைக்கே துவக்கும் உரியதாயிருந்தது.

துவக்கின் மறுமுனையில் நின்றவர்களின் கதை 1940இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 10ஆம் திகதி, கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் உயிரிழந்தார். பாரமான விசை தவறுதலான வேட்டைத் தடுக்கும். சுடத் துணிந்த விரலை எத்தனை இறாத்தலும் தடுப்பதில்லை. வேலைநிறுத்த அலை ஊவாவுக்குப் பரவியது. பதுளைக்கு அருகே வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தம் சபையைத் தாமே தெரிவு செய்தனர். அதனோடு கலந்து செயற்படத் துரையும் இணங்கினார். 'ஒழுங்கை' நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் துவக்குகளைப் பறித்தனர். மே 12ஆம் திகதி பதுளையில் பெருந்திரளான கூட்டத்தில் என்.எம். பெரேரா பேசினார். அடுத்த மாதமே சமசமாஜத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். துவக்கு ஒரு பொழுதேனும் கைமாறியதென்பதே வேவெஸ்ஸவின் சிறப்பு.

சுதந்திரத்துக்குப் பின் இலங்கைப் படையினரிடம் எஸ்.எல்.ஆர். வந்தது. இப்பெயரை நம் வாசகர் பலருக்கு விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வேட்டுக்கும் ஒருமுறை விசையை இழுத்தால் போதும். வெடிமருந்தின் வாயுவே அடுத்த ரவையை ஏற்றி, சுத்தியலையும் பின்னுக்குத் தள்ளிவிடும். இத்தகைய துவக்கில் விசையை இலகுவாக்குவது முன்னையவற்றிலும் கடினம். சுத்தியல் பின்னுக்கு வரும்போது சுடுபவரின் விரல் இன்னும் விசையை அழுத்திக்கொண்டே இருக்கும். அவர் விரலை விடும்வரை சுத்தியலைப் பிடித்துவைக்க இரண்டாவது கொக்கி ஒன்று வேண்டும். கொக்கிகள் ஒன்றையொன்று பற்றும் இடம் மிகச் சிறியது. இழுவை மிருதுவாக வேண்டும் என்று அதை மேலும் குறைத்தால், சுத்தியல் நழுவித் துவக்கு தானே வெடிக்கும். அமெரிக்காவின் படைத்துவக்குப் போட்டிகளில் விசை 4.5 இறாத்தலுக்குக் குறையக்கூடாது என்று விதி வகுத்ததன் காரணமும் பாதுகாப்பே.

விசையை இலகுவாக்கும் இந்த ஓட்டத்தின் கடைசி எல்லையைக் காண எந்தப் படை முகாமுக்கும் போக வேண்டியதில்லை. பதுளை, மொனராகலை மாவட்டங்களின் காட்டோரங்களில் காட்டுப்பன்றிக்காக மறைத்து வைக்கப்படும் கட்டுத்துவக்கே அது. பாதையின் குறுக்கே ஒரு கம்பி. அதை எது தொட்டாலும் வேட்டுத் தீரும். இதில் குறி பார்க்கும் கண்ணும் இல்லை, தயங்கும் விரலும் இல்லை. விறகு தேடிப் போகிறவரின் கால் பட்டாலும் போதும். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி மருத்துவமனைக்கு வருவோர் பற்றிய சிறு செய்திகளை நாளிதழ்களின் உட்பக்கங்களில் காணலாம். காயப்பட்டவர் கூலிவேலை செய்பவர் எனில், ஒரு கால் போவது ஒரு குடும்பத்தின் வருமானம் போவதே.

அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகலன் வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்துக்கு நூற்றாண்டு கடந்துவிட்டது, கம்பி இன்னும் அறுபடவில்லை. துரையின் துவக்கிலும் பொலிஸாரின் துவக்கிலும் விசைக்குப் பின்னே ஒரு மனிதர் இருந்தார். அவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டலாம், விசாரணைக்கு அழைக்கலாம், வேவெஸ்ஸவில் நடந்ததுபோல் அவர் கையிலிருந்து துவக்கைப் பறிக்கவும் செய்யலாம். கட்டுத்துவக்கை வைத்தவரோ அது வெடிக்கும் நேரத்தில் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்.