ஆற்றுப்படுத்துவோர் யார்?

எங்க ஊர்ல கவுன்சிலிங் என்றால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இன்ஜினியரிங் சீட்டு ஒதுக்குவது. அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று நான் எம்.ஏ. தமிழ் படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். என் விடுதி அறைத்தோழி மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வகுப்புக்கும் வரவில்லை. ஒரு பேராசிரியர் வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் பெயரோடு 'ஸ்காலர்ஷிப் கோஷ்டி' என்று சேர்த்துச் சொல்வார், வகுப்பே சிரிக்கும். கல்லூரியில் கவுன்சிலர் அம்மா ஒருவர் இருந்தார். துணைக்கு நானும் போனேன். அப்பா என்ன வேலை, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, 'உனக்குத் தாழ்வு மனப்பான்மைம்மா. தன்னம்பிக்கைப் புத்தகம் ரெண்டு வாங்கிப் படி, சரியாயிடும்' என்றார். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: 'அவரு அப்படிச் சொல்லிச் சிரிக்கிறது நோயில்ல, எனக்குத்தான் நோயாடி?'

அந்தப் பருவத்தோடு அவள் படிப்பை விட்டுவிட்டாள். கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

கவுன்சிலருக்குத் தமிழில் 'ஆற்றுப்படுத்துநர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் படித்த எனக்கு இது உறுத்தும். ஆற்றுப்படை நூல்களில் வழி சொல்பவன் யார்? அரண்மனை அதிகாரி அல்ல. பசியோடு அதே காட்டு வழியில் நடந்து போய்ப் பரிசில் பெற்றுத் திரும்பும் இன்னொரு பாணன், இன்னொரு கூத்தன். எங்கே கல் குத்தும், எந்த ஊரில் சோறு கிடைக்கும் என்று அவனுக்குக் காலால் தெரியும். (அந்தப் பாணர்களைப் பின்னாளில் என்ன ஆக்கினார்கள் என்பதைத் திருப்பாணாழ்வார் கதையே சொல்லும்.) வழி நடக்காதவர் கையில் வழி சொல்லும் பட்டம் போனால் என்ன ஆகும் என்பதுதான் என் தோழியின் கேள்வி. இதே கேள்வியை அமெரிக்கக் கறுப்பர்கள் நூறு வருடத்துக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள்.

உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் பிரான்சிஸ் செசில் சம்னர். மாசசூசெட்ஸில் உள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவரை நடுவில் ராணுவத்தில் சேர்த்துப் பிரான்சுக்குப் போருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து 1920இல் பட்டம் வாங்கினார். அவருடைய ஆய்வு ஃபிராய்டையும் ஆட்லரையும் பற்றியது. ஆட்லர் யார்? என் தோழி மேல் ஒட்டினார்களே தாழ்வு மனப்பான்மை, அந்தக் கருத்தை உளவியலில் நிலைநிறுத்தியவர். அதைக் கரைத்துக் குடித்த முதல் கறுப்பர் வாஷிங்டனில் உள்ள ஹவார்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து ஓர் உளவியல் துறையைக் கட்டினார். (ஹார்வர்டு அல்ல, கறுப்பர்களுக்கான ஹவார்டு.) வெள்ளையரின் நிதி நிறுவனங்கள் அவருடைய ஆய்வுக்குப் பணம் தர மறுத்தன. ஆனால் மாணவர்கள் உருவானார்கள்.

அவர்களில் ஒருவர் மேமி ஃபிப்ஸ். ஆர்கன்சாஸ் மாநிலத்துக்காரர், 1934இல் கணிதம் படிக்க வந்தவர். சக மாணவர் கென்னத் கிளார்க் பேச்சைக் கேட்டு உளவியலுக்கு மாறினார், அவரையே மணந்தும் கொண்டார். 1938 கோடையில் ஒரு கறுப்பு வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். அங்கேதான் இனப்பிரிவினைக்கு எதிரான வழக்குகள் திட்டமிடப்பட்டுக்கொண்டிருந்தன. அவருடைய முதுகலை ஆய்வு கறுப்புக் குழந்தைகளுக்குத் 'தான்' என்ற உணர்வு எப்படி உருவாகிறது என்பது. அந்த ஆய்விலிருந்துதான் புகழ்பெற்ற பொம்மைச் சோதனை கிளைத்தது. 253 கறுப்புக் குழந்தைகள் முன்னால் பழுப்பு, வெள்ளைப் பொம்மைகளை வைத்து எதோடு விளையாட ஆசை என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வெள்ளையை எடுத்தார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனிப்பள்ளியில் படித்த தெற்குப் பிள்ளைகளில் 62 சதவீதம் வெள்ளைப் பொம்மையைக் கேட்டபோது, வெள்ளையரோடு சேர்ந்து படித்த வடக்குப் பிள்ளைகளில் 72 சதவீதம் கேட்டார்கள். ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால் மட்டும் போதாது என்பது அன்றே தெரிந்த சேதிதான். நம்ம பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

முனைவர் படிப்புக்கு மேமி கொலம்பியா போனார். 1913இல் அண்ணல் அம்பேத்கர் நுழைந்த அதே வளாகம். அங்கே தனக்கு வழிகாட்டியாக அவர் தேர்ந்தெடுத்தது ஹென்றி காரெட்டை. கறுப்பர்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று நம்பிய ஆள் அவர். தெரிந்தேதான், சவாலாகத்தான் போனார். இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு 1943இல் முடித்தார். முடித்தவரிடம் காரெட் காட்டிய வழி, தெற்கே போய் ஒரு கறுப்பர் பள்ளியில் ஆசிரியையாக இரு என்பது. இதுவும் ஒரு ஆற்றுப்படைதான், சேரிப் பக்கம் கை காட்டும் ஆற்றுப்படை!

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. கறுப்புப் பெண்ணுக்கு எந்த உளவியல் கூடம் கதவைத் திறக்கும்? செவிலியர்களைப் பற்றிய புள்ளிவிவரங்களை அலசும் வேலை கிடைத்தது. பிறகு வீடற்ற கறுப்புச் சிறுமிகளுக்கான விடுதியில் சோதனைகள் செய்யும் வேலை. மனம் ஒடிந்த கறுப்புக் குழந்தைக்குப் போக இடமே இல்லை என்பதை அங்கேதான் பார்த்தார். 1946இல் அப்பாவிடம் 946 டாலர் கடன் வாங்கி ஹார்லெமில் ஒரு குடியிருப்பின் நிலவறையில் கணவரோடு சேர்ந்து சொந்தமாக மையம் தொடங்கினார். அதுதான் நார்த்சைடு.

அங்கே முதலில் வந்தவர்கள் பிள்ளைகளை 'மந்தபுத்தி வகுப்பில்' தள்ளிவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டு வந்த தாய்மார்கள். மேமி சோதித்துப் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கவே வேண்டாதவர்கள். பிள்ளைக்குத் தன்னம்பிக்கைப் புத்தகம் கொடுத்து அனுப்பவில்லை அவர். முடிவுகளை எடுத்துக்கொண்டு பள்ளி நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றார். நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்த கைக்குத்தான் மருந்தும் தெரியும்.

1951இல் வர்ஜீனியாவில் கறுப்பு மாணவர்கள் தங்கள் பள்ளியின் கேவலமான நிலையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அது வழக்கானது. 1952இல் வர்ஜீனியா அரசுக்காகப் பிரிவினையை ஆதரித்துச் சாட்சி சொல்ல வந்தவர் அதே காரெட். அவரை மறுத்துச் சாட்சிக் கூண்டில் ஏறியவர் அவருடைய மாணவி மேமி. கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்றது. தீர்ப்பின் பதினோராம் அடிக்குறிப்பில் கென்னத்தின் கட்டுரை இருக்கிறது, மேமியின் பெயர் இல்லை. சம்னர் அந்த ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார்.

அப்புறமும் கதவு தானாகத் திறக்கவில்லை. 1969இல் உளவியலாளர் மாநாட்டில் தலைவர் உரையின்போது கறுப்பு மாணவர்கள் மேடையேறி, மேற்படிப்பில் இடம் கொடு, கறுப்பு ஆசிரியரைப் போடு என்று கேட்டார்கள். இன்று அங்கே அங்கீகாரம் பெற்ற ஆற்றுப்படுத்துநர் முதுகலைப் படிப்பில் 700 மணி நேரக் களப்பயிற்சி உண்டு, பெரும்பாலும் சம்பளமில்லாமல். கல்விக்கடனோடு இருப்பவர் 700 மணி நேரம் எப்படிச் சும்மா வேலை செய்வார்? தகுதி என்ற சொல்லுக்குள் சோத்துப்பிரச்சினை ஒளிந்திருப்பது அங்கேயும்தான்.

எங்க தெருவில் பி.எஸ்ஸி. உளவியல் முடித்த ஒரு பொண்ணு, மேலே ஆற்றுப்படுத்துதல் படிக்கலாமா என்று கேட்டுத் தன் அம்மாவோடு வந்தாள். நான் மேமி கதையைச் சொன்னேன். 'ஏங்க்கா, அந்த ஆளுகிட்ட போயி எதுக்குச் சேந்தாங்க? வேற வாத்தியாரே இல்லியா?' என்றாள். தெரிஞ்சேதான் போனாங்க என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவள் அம்மா வேறு கேட்டார்: 'பயிற்சிக்குப் போனா காசு குடுப்பாங்களாம்மா?' பெரும்பாலும் தரமாட்டாங்க என்றேன். 'அப்ப பஸ்சுக்கு?'

பொண்ணு என் போனை வாங்கி விண்ணப்பத்தைத் திறந்தாள். 'சாதிச் சான்றிதழ் ஒரிஜினல் வேணுமாக்கா, ஜெராக்ஸ் போதுமா?'