பண்புக்கு உருக்கொடுத்த நாடகம்

சென்ற ஆண்டு விழாவில் நம் காலனிக் குழந்தைகள் நடித்த சிறு நாடகத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோபம், பேராசை, பொய் எனப் பெயர் எழுதிய அட்டைகளை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று சிறுவர்கள் மேடையை அதிரச் செய்தனர், கைதட்டல் ஓயவில்லை. எதிர்ப்புறத்தில் ‘பொறுமை’ என்ற அட்டையுடன் ஒரு சிறுமி இறுதிவரை நின்றாள். ஒத்திகையின்போது அவள் என்னிடம் வந்து, “மாமா, கோபம் கத்துகிறான், பேராசை பிடுங்குகிறான், பொறுமை என்ன செய்வாள்?” என்று கேட்டாள். நாடகத்தை எழுதியவன் யானே. “நிற்பாள், அம்மா” என்றேன். அவ்விடை குழந்தைக்கும் உவப்பாக இல்லை, எனக்கும் இல்லை.

தீக்குணத்துக்கு உருக்கொடுத்தல் எளிது. நற்குணத்துக்கு உருக்கொடுத்தல் அரிது. அரிய அச்செயலை முழு நாடக அளவில் செய்து காட்டிய ஒருவர், ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பிழைக்க வந்து குடியேறியிருக்கும் இப்பகுதியிலேயே வாழ்ந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவர் பெயர் கிருஷ்ண மிச்ரர். அவர் வடமொழியில் இயற்றிய நாடகம் பிரபோத சந்திரோதயம். மெய்யறிவாகிய திங்களின் உதயம் என்பது அப்பெயரின் பொருள்.

ஜான்சியிலிருந்து மாணிக்கபூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் மகோபா என்னும் ஊர் உள்ளது. வெற்றிலைக்குப் பெயர்பெற்ற அவ்வூரைச் சந்தேல அரசரின் தலைநகர் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அங்குள்ள கீரத் சாகர் என்னும் ஏரி, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட கீர்த்திவர்மன் என்ற சந்தேல மன்னன் பெயரால் அமைந்தது. லலித்பூருக்கு அப்பால், பேத்வா நதிக்கரையிலுள்ள தேவகட்டில் அவன் அமைச்சன் வத்சராஜன் 1098ஆம் ஆண்டிற் பாறையில் வெட்டுவித்த சாசனம் இருக்கிறது. அக்கோட்டைக்கு அமைச்சன் தன் அரசன் பெயரையே இட்டுக் கீர்த்திகிரி என்றான்.

கீர்த்திவர்மனுக்கு அரசு எளிதில் வாய்க்கவில்லை. இன்றைய ஜபல்பூருக்கு அருகில் திரிபுரியிலிருந்து ஆண்ட கலசூரி மன்னன் கர்ணன், சந்தேல நாட்டை அடர்த்து நிலைகுலையச் செய்திருந்தான். மகோபாவிற் கிடைத்த சாசனம் கர்ணனை வென்ற புகழைக் கீர்த்திவர்மனுக்கே சூட்டுகிறது. ஆனால் நாடகத்தின் முன்னுரைப் பகுதியோ, கோபாலன் என்னும் வீரன் கர்ணனின் படைக்கடலைக் கடைந்து கீர்த்திவர்மனை மீண்டும் அரியணையில் அமர்த்தினான் என்கிறது. மன்னனின் முன்னிலையில் நாடகத்தை நடத்துமாறு கட்டளையிட்டவனும் அக்கோபாலனே. போரிலும் அதன்பின் வந்த களியாட்டங்களிலும் நாள்கள் கழிந்தன, இனிச் சாந்த ரசம் பொருந்திய கூத்தொன்றைக் காண விழைகிறோம் என்பது அவன் கருத்தாகச் சூத்திரதாரன் வாயிலாக வெளிப்படுகிறது. வாளை உறையிலிட்ட கை ஓயவில்லை போலும்; அமைதியை மேடையில் பார்த்தாவது தேற வேண்டும் என்று அவன் நினைத்திருக்கலாம். இது என் ஊகமேயன்றி வரலாறு அன்று.

பண்புகளை மேடையேற்றும் வழக்கத்தைத் தொடங்கியவர் கிருஷ்ண மிச்ரர் அல்லர். மத்திய ஆசியாவிற் கிடைத்த பனையோலைத் துணுக்குகளை ஜெர்மானிய அறிஞர் லூடர்ஸ் 1911ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுள் ஒரு பௌத்த நாடகத்தில் அறிவும், உறுதியும், புகழும் பாத்திரங்களாகத் தோன்றி உரையாடுகின்றன. அசுவகோஷருடைய நாடகமொன்றும் அக்கட்டிலேயே இருந்தது. கிடைத்தவை கிழிந்த ஓலைகள். அவற்றுக்கும் கிருஷ்ண மிச்ரருக்கும் இடைப்பட்ட பல நூற்றாண்டுகள் வெற்றிடமாகவே தோன்றுகின்றன.

கிருஷ்ண மிச்ரர் செய்த முதற் சிறப்பு, குணங்களுக்கு அட்டை மாட்டாமல் உறவு மாட்டியது. மனம் என்பவனுக்கு இரு மனைவியர்: பிரவிருத்தி, நிவிருத்தி. உலகின்மேற் செல்லும் நாட்டமும், அதினின்று மீளும் நாட்டமும் அவர்கள். முன்னவள் மரபில் மகாமோகன் தலைமையிற் காமன், குரோதன், உலோபன் முதலியோர். பின்னவள் மரபில் விவேகன் தலைமையிற் சாந்தி, பொறுமை, நிறைவு முதலியோர். ஆகவே இது அயலார் போர் அன்று. ஒரு தந்தையின் மக்கள் நடத்தும் பங்காளிச் சண்டை. நம் ஊர்களில் வரப்புக்காக நீதிமன்றம் ஏறும் அண்ணன் தம்பியரைப் பார்த்தவர்க்கு இதன் கூர்மை விளங்கும். காமன் தன் மனைவி இரதியிடம் இக்குடும்பக் கதையைச் சொல்லும் முதல் அங்கத்திலேயே நாம் கதைக்குள் இழுக்கப்பட்டு விடுகிறோம்.

விவேகனுக்கும் ஒரு குறை உண்டு. அவன் மனைவியருள் ஒருத்தியாகிய உபநிடதம் அவனைப் பிரிந்து நெடுங்காலமாக அலைந்துகொண்டிருக்கிறாள். அவளுடன் அவன் மீண்டும் சேர்ந்தாலன்றிப் பிரபோதன் என்னும் மெய்யறிவு பிறவான். அவள் வேள்வியின் வீட்டிலும், மீமாஞ்சையின் வீட்டிலும், தருக்கத்தின் வீட்டிலும் தங்கிப் பார்த்து, எங்கும் மதிப்பின்றித் துரத்தப்பட்ட கதையை ஆறாவது அங்கத்திற் கூறுகிறாள். நல்லவனாகிய அரசனே மனைவியைப் பிரிந்து வருந்துகிறான் என்னும்போது, அவன் வெறும் பண்பின் பெயராக நில்லாமல் மனிதனாகி விடுகிறான்.

மூன்றாம் அங்கத்தில் வரும் சாந்தியே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவள். சாந்தி என்றால் வெள்ளுடை உடுத்து, கண்மூடி, புன்னகையுடன் அமர்ந்திருக்கும் உருவத்தையே நாம் கற்பிப்போம். கிருஷ்ண மிச்ரரின் சாந்தியோ அழுதுகொண்டு வருகிறாள். அவள் தாய் சிரத்தை காணாமற் போய்விட்டாள். நம்பிக்கையாகிய தாயைப் பிரித்துவிட்டால் அமைதியாகிய மகள் தானே மாய்வாள் என்று மகாமோகன் செய்த சூழ்ச்சி அது. தாயில்லாமல் உயிர் வாழேன் என்கிறாள் பெண். தோழியாகிய கருணை அவளைத் தேற்றி உடன் நடக்கிறாள். சமயத்தார் உறைவிடங்கள் தோறும் இருவரும் தேடிச் செல்கின்றனர். அங்கங்கே சிரத்தை என்னும் பெயருடன் ஒருத்தி வெளிப்படுகிறாள். அவள் தாயல்லள், பெயரால் மட்டும் ஒத்தவள். தாய் முகம் அறிந்த மகளுக்கன்றோ அந்த வேறுபாடு தெரியும்? பண்பின் இலக்கணத்தை விளக்க எத்தனையோ ஏடுகள் எழுதலாம். நம்பிக்கை இழந்த இடத்தில் அமைதி தங்காது என்பதை இவ்வாறு ஒரு பெண்ணின் அலைச்சலாக்கிக் காட்டியது புலவரின் ஆற்றல்.

ஆனால் அந்த அங்கத்திலேயே அவர் பெரும் பிழையும் செய்தார். அதனை மறைத்தல் முறையன்று. சமணத் துறவியையும் பௌத்தத் துறவியையும் மதுவுக்கும் மங்கையர்க்கும் மயங்கும் கோமாளிகளாக்கி, ஒரு காபாலிகனின் பின்னே ஆடவிட்டார். தம் கொள்கைக்கு எதிரானவரையெல்லாம் மகாமோகனின் படையிற் சேர்த்துவிட்டார். நற்குணத்துக்கு அத்துணை நுண்ணிய தூரிகை எடுத்தவர், பிற சமயத்தாருக்குக் கரித்துண்டை எடுத்தது ஏனோ?

அவர் வாழ்ந்த நாட்டின் உண்மை வேறாக இருந்தது. சந்தேலரின் கஜுராகோவிலேயே சமணக் கோயில்கள் நின்றன. அங்குள்ள பார்சுவநாதர் கோயிலில் விக்கிரம ஆண்டு 1011, அதாவது கி. பி. 954 அளவில், தங்கன் என்னும் சந்தேல அரசனால் மதிக்கப்பெற்ற பாகிலன் என்ற சமண அன்பர் ஏழு தோட்டங்களைத் தானம் செய்த சாசனம் உள்ளது. எந்த மரபினர் இந்நாட்டை ஆளினும் சரி, இக்கொடையைக் காப்பவர் எவரோ அவருடைய அடியாரின் அடியேன் யான் என்னும் கருத்தை அவர் அதிற் பொறித்துள்ளார். பணிவுக்கு உருக்கொடுக்க வேண்டுமெனில் அச்சாசனம் ஒன்றே போதும். கிருஷ்ண மிச்ரர் அதனைப் படித்தாரோ, இல்லையோ. படித்திருந்தால் மூன்றாம் அங்கம் வேறு விதமாக அமைந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

சமணர் இதற்கு வசைபாடி விடையிறுக்கவில்லை; நாடகம் எழுதினர். குஜராத்தில் அஜயபாலன் ஆண்ட 1170களில் யசபாலன் என்னும் அலுவலர் மோகராஜ பராஜயம் என்ற நாடகத்தை இயற்றினார். முந்தைய அரசன் குமாரபாலன், விவேகசந்திரன் மகளாகிய கிருபாசுந்தரியை மணக்கிறான். கிருபை என்னும் அருளே அம்மணமகள். மணத்திற்கு நிபந்தனைகள் உண்டு. சூதும் கள்ளும் ஊனும் முதலான ஏழு தீயொழுக்கங்களை நாட்டினின்றும் அகற்ற வேண்டும். மகப்பேறின்றி இறந்தவரின் சொத்தை அரசு கவர்ந்துகொள்ளும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பேரேடுகளின் நடுவே வாழ்நாள் கழிக்கும் என் போன்றவனுக்கு இந்த இரண்டாம் நிபந்தனை பெருவியப்பை அளித்தது. கருவூலத்திற்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த ஒரு வரவினத்தை ஒரு பண்பு வந்து நிறுத்திவிடுகிறது! கணவனை இழந்து, பிள்ளையும் இல்லாத பெண்ணின் வீட்டுக்குள் அரசுச் சேவகர் நுழையாத நாளன்றோ அருள் அரண்மனைக்கு மணமகளாய் வந்த நாள்?

தமிழில் இவ்வகை நாடகம் எழுதுவோர்க்கு ஓர் இடர் உண்டு. வடமொழியிற் சாந்தி, கருணை, க்ஷமை ஆகிய சொற்கள் பெண்பால்; விவேகம், சந்தோஷம் என நாம் வழங்குபவை அங்கே ஆண்பால். சொல்லின் பாலே பாத்திரத்துக்கு வேட்டியா சேலையா என்பதைத் தீர்த்துவிடுகிறது. நம் மொழியில் வாய்மையும் பொறுமையும் அஃறிணை. எனினும் நம் முன்னோர் இதற்கு இடங்கொடுத்தே இருந்தனர். ஞாயிறு, திங்கள், கடல் முதலியவற்றுடன் அறிவு, நாண், நெஞ்சு ஆகியவற்றையும், பேசுவன போலவும் கேட்பன போலவும் செய்யுளில் அமைக்கலாம் எனத் தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்துள்ளார். வள்ளுவர் நிலத்தை நகைக்கும் நங்கையாக்கினார். அழுக்காற்றைப் பாவி என ஏசினார். மாதைத் திருவேங்கடநாதர் கிருஷ்ண மிச்ரரின் கதையையே பிரபோத சந்திரோதயம் என்னும் தமிழ்ச் செய்யுள் நூலாக ஆக்கியுள்ளார். திருவரங்கத்தோடு தொடர்புடைய வேதாந்த தேசிகர், தம் வைணவக் கொள்கைக்கு ஏற்ப, பத்து அங்கங்களிற் சங்கற்ப சூரியோதயம் என வடமொழியில் நாடகம் செய்தார். நிலவுக்கு எதிராக ஞாயிற்றையே எழுப்பினார் என்று அன்பர்கள் நயம் கூறுவர். ஜான்சிக்கு அருகிலுள்ள ஓர்ச்சாவின் கவி கேசவதாசர் 1610ஆம் ஆண்டில் இயற்றிய விஞ்ஞான கீதையும் இம்மரபினதே.

மீண்டும் பழைய நாடகத்துக்கு வருவோம். ஐந்தாம் அங்கத்திற் போர் முடிந்துவிடுகிறது. அது மேடையிற் காட்டப்படாமல் சிரத்தையின் வாய்மொழியாக விஷ்ணுபக்திக்கு அறிவிக்கப்படுகிறது. காமன் மாண்டான், குரோதன் மாண்டான், உலோபன் மாண்டான். இங்கே திரையை இறக்கியிருந்தால் எல்லோரும் மகிழ்ந்து வீடு சென்றிருப்பர். கிருஷ்ண மிச்ரர் இறக்கவில்லை. தந்தையாகிய மனம் மேடைக்கு வந்து, இறந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துக் கதறுகிறான். தீயவர்களேயாயினும் அவன் பெற்ற பிள்ளைகள் அல்லரோ? மனைவி பிரவிருத்தியும் துயரால் உயிர் நீத்தாள் எனக் கேட்டு அவன் மயங்கி வீழ்கிறான். சரஸ்வதி வந்து நெடுநேரம் ஆற்றிய பின்னரே அவன் எழுகிறான். குடியை விட்டவர், சூதை விட்டவர், நெடுநாட் பகையை விட்டவர் ஆகியோரை அருகிருந்து பார்த்தவர்கள் இக்காட்சி பொய்யன்று என்பர். விட்டது தீமைதான், ஆயினும் விட்ட இடம் வீடு காலியானாற்போல் சில காலம் வெறிச்சென்றே இருக்கிறது. கர்ணனை வென்று வந்த கோபாலனும் அன்று அவையில் அமர்ந்து இவ்வழுகையைக் கேட்டிருக்க வேண்டும்.

அச்சிறுமியின் வினாவுக்கு விடை நான்காம் அங்கத்தில் இருந்தது. விவேகன் தன் படைத்தலைவர்களை ஒவ்வொருவராக அழைக்கிறான். காமனுக்கு எதிராகப் பொருளின் உண்மையை ஆராயும் வஸ்துவிசாரன். உலோபனுக்கு எதிராகச் சந்தோஷன் என்னும் நிறைவு. குரோதனுக்கு எதிராகப் பொறுமையாகிய க்ஷமை. அவனை எவ்வாறு வெல்வாய் என அரசன் வினவ, அவள் தன் போர்முறையைச் சொல்கிறாள். ஒருவன் சினந்தால் முறுவலிப்பேன். சினம் மிகுந்தால் அவனை அமைதிப்படுத்த முயல்வேன். வைதால் நலம் உசாவுவேன். அடித்தால் என் பழவினை தேய்ந்ததென எண்ணுவேன். தன்னை அடக்கமாட்டாத அவன்மேல் இரக்கம் கொள்வேன் என்பது அவள் கூற்றின் சாரம். பொறுமை வெறுமனே நிற்பவள் அல்லள். எதிரியின் ஒவ்வோர் அடிக்கும் அவளிடம் ஒவ்வொரு செயல் உண்டு.

இவ்வாண்டு விழாவிற்காக அப்பகுதியை எளிய தமிழில் எழுதி, முறுவலிக்கவும், நலம் கேட்கவும், கீழே விழுந்த கோபத்தைக் கைகொடுத்துத் தூக்கவும் பொறுமைக்கு இடம் வைத்து, ஒத்திகைக்கு எடுத்துச் சென்றேன். சிறுமி முழுவதையும் பொறுமையாகவே படித்தாள். “நன்றாக இருக்கிறது, மாமா. ஆனால் இந்தத் தடவை நான் கோபமாக நடிக்கிறேனே?” என்றாள். அவள் தம்பி பொறுமையாக நடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறான். அட்டைகள் இம்முறை இல்லை.