விலக்கல் வினவல்

தரவுத்தளத்தில் ஒரு நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகளைத் திரட்டி, அவற்றுள் வேறொரு நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை நீக்கித் தரக் கோரும் வினவல். தமிழ் எடுத்து, கணிதம் எடுக்காத மாணவர்கள் யார் என்பது இவ்வகைக் கேள்வி. ஒன்று இருப்பதைக் காட்ட ஒரு பதிவு போதும். இல்லை என்று சொல்ல முழுத் தொகுதியையும் பார்த்தாக வேண்டும். இத்துறையின் சிக்கல்கள் பலவும் இங்கிருந்தே கிளைத்தன.

தருக்க அடிப்படையை அமைத்தவர் ஜார்ஜ் பூல். 1854இல் வெளியான நூலில், ஒரு வகையில் அடங்காத அனைத்தையும், முழுமையைக் குறிக்கும் ‘1’ என்பதிலிருந்து அவ்வகையைக் கழிப்பதாக எழுதிக் காட்டினார். கணினி பரவுமுன் நூலகங்களிலும் ஆய்வகங்களிலும் விளிம்புத் துளை அட்டைகள் இதே வேலையைச் செய்தன. ஒரு பண்பு உள்ள அட்டையில் அதற்குரிய துளையை விளிம்புவரை வெட்டி வைப்பார்கள். கம்பியைக் கோத்துத் தூக்கினால் வெட்டியவை விழும், மற்றவை கம்பியிலேயே தொங்கும். சேர்த்தலும் விலக்கலும் ஒரே அசைவில் முடிந்துவிடும். பின்வந்த கருவிகளில் இந்த எளிமை வாய்க்கவில்லை.

ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் உறவுசார் மாதிரியை முன்வைத்தார். 1972இல் அவர் வரையறுத்த இயற்கணிதத்தில் கண வேறுபாடும் ஒரு செயலி. டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974இல் அறிமுகப்படுத்திய சீக்வெல் மொழியே பின்னர் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. 1986இல் அது அமெரிக்கத் தரமானபோது விலக்கலுக்கு உதவும் ‘நாட் இன்’, ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ இரண்டும் இருந்தன. கண வேறுபாட்டை நேரடியாகச் சொல்லும் ‘எக்செப்ட்’ 1992 தரத்தில்தான் வந்தது. ஆரக்கிள் அதை நெடுங்காலம் ‘மைனஸ்’ என்றே வைத்திருந்தது. மைஎஸ்க்யூஎல் 2022இல்தான் ஏற்றது.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாணவருக்குப் பாடத்துக்கு ஒரு வரிசையாக உள்ள அட்டவணையில் ‘பாடம் கணிதம் அல்ல’ என்று நிபந்தனை இட்டால், கணித வரிசை மட்டுமே நீங்கும். அதே மாணவரின் தமிழ் வரிசை எஞ்சுவதால் அவரும் பட்டியலில் வந்துவிடுவார். கேள்வி மாணவரைப் பற்றியது. நிபந்தனையோ ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே சோதிக்கிறது. கணிதம் எடுத்தவர்களை உள்வினவலில் கண்டறிந்து, அவர்களை முழுப் பட்டியலிலிருந்து நீக்குவதே சரியான வழி.

இதைவிடக் கொடியது மதிப்பில்லாமையைக் குறிக்கும் ‘நல்’. அதனுடன் எதை ஒப்பிட்டாலும் விடை மெய்யுமல்ல, பொய்யுமல்ல, ‘தெரியாது’. எனவே, தரப்பட்ட பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்கும் ‘நாட் இன்’ நிபந்தனையின் பட்டியலில் ஒரேயொரு நல் புகுந்தாலும் ஒரு பதிவும் வராது. பிழைச்செய்தியும் தோன்றாது என்பதால் வெற்று விடையை உண்மை என்றே நம்பிவிட நேரும். பொருந்தும் வரிசை உண்டா என்று மட்டும் கேட்கும் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ இதில் சிக்குவதில்லை. அதை எழுதுவதே பாதுகாப்பு. தரவுத்தள அறிஞர் கிறிஸ் டேட், ‘நல்’ என்பதையே ஒழிக்க வேண்டும் என்று வாதிட்டவர்.

பதிவில் இல்லாததைப் பொய் எனக் கொள்ளும் வழக்கத்துக்கு ரேமண்ட் ரைட்டர் 1978இல் ‘மூடிய உலக’க் கருதுகோள் என்று பெயரிட்டார். விமான இருக்கை முன்பதிவுக்கு அது பொருந்தும். மருத்துவமனையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்: பென்சிலின் ஒவ்வாமை இல்லாதவர்களைத் தேடும் வினவல், அதைப் பற்றி ஒருபோதும் கேட்கப்படாத நோயாளியையும் சேர்த்தே தரும். இதனால்தான் மருத்துவப் பதிவேடுகளில் ‘ஒவ்வாமை ஏதும் அறியப்படவில்லை’ என்பதையும் தனிப் பதிவாக எழுதுகிறார்கள்.