அசைவுக்கும் ஆசைக்கும் ஒரே இரசாயனம்

போருக்குப் பின் அப்பாவின் நடை தளர்ந்தது. முகத்தில் சிரிப்பில்லை; எதிலும் நாட்டமில்லை. இழப்பின் துயரம் என்றே நினைத்திருந்தோம். கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் வைத்தியரிடம் கூட்டிச் சென்றோம். பார்க்கின்சன் நோய் என்றார்.

நடுமூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் இந்நோயில் அழிகின்றன. உடலை அசையச் செய்வதிலும், ஒன்றை விரும்பி முயல வைப்பதிலும் டோபமினுக்குப் பெரும் பங்குண்டு. 1957இல் சுவீடன் விஞ்ஞானி ஆவிட் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்படும் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. மூளையில் டோபமினாக மாறும் எல்-டோபாவை ஏற்றியதும் மீண்டும் இயங்கின. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பார்க்கின்சனுக்கு இன்றும் எல்-டோபாவே முதன்மை மருந்து.

'ஐஸ்' போதைப்பொருள் இதே டோபமினை அளவுமீறி வெளியே தள்ளுகிறது. அதற்குப் பழகிய மூளைக்குச் சாதாரண உணவும் உறவும் இன்பம் தருவதில்லை. மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் டோபமினைத் தடுப்பதால், சிலருக்கு விறைப்பும் நடுக்கமும் வரும். பார்க்கின்சனுக்கான சில மாத்திரைகள் சிலரைச் சூதாட்டத்தில் தள்ளியதும் உண்டு. அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

அப்பா இப்போது தானே கிணற்றடிக்குப் போய்வருகிறார். துயரம் போகவில்லை, நடை திரும்பியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படித் தளர்ந்தால், கவலை என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள்.