தீவகத்துக் கார்களும் ஓர் ஏர்த் வயரும்

முற்றாக நின்றுபோன வண்டியைத் திருத்துவது பெரிய வித்தையன்று. ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென நின்று, பத்து நிமிடம் கழித்து எதுவுமே நடவாதது போல மீண்டும் புறப்படும் வண்டிதான் மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிப்பது. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இந்த நோய் கண்ட வண்டிகள் அநேகம். காரணம் நிலவியலில் இருக்கிறது. யாழ் நகரிலிருந்து நயினாதீவுக்குப் போகிறவர் பண்ணைத் தாம்போதியையும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியையும் கடந்தே குறிகாட்டுவான் துறையை அடையவேண்டும். இரு புறமும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் உவர்நீர்த் திவலைகள் வண்டியின் அடிப்பாகம் முழுவதையும் நனைக்கும்.

அந்தப் பாதையில் ஓடியவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி ஒடுக்கப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, முன்னரே வந்திறங்கிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40உம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுமே நமக்கு வாய்த்தவை. கலியாணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், நாகபூசணி அம்மன் உற்சவத்துக்கும் அவையே போயின. மைனரை 1948இல் உலகுக்குத் தந்தவர் அலெக் இசிகோனிஸ். 1952 முதல் அதில் பொருத்தப்பட்ட 'ஏ வரிசை' எஞ்சினின் உறவுமுறையைப் பலர் அறியார். 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட், 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெட் ஆகிய விளையாட்டுக் கார்களுக்கும் அதே வரிசை எஞ்சின்தான். ஆகவே இங்கிலாந்தில் வார இறுதிகளில் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டப்பட்ட வண்டியும், ஊர்காவற்றுறையில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு முனகிய வண்டியும் ஒரே குடும்பம். நோய்களும் பெரும்பாலும் குடும்ப நோய்களே.

மின் உபகரணங்கள் பேர்மிங்காம் லூக்காஸ் நிறுவனத்தவை. ஆங்கிலேயச் சாரதிகள் அதற்கு 'இருளின் இளவரசர்' என்று பட்டமே சூட்டியிருந்தனர். நம்மூரைப் பொறுத்தவரை அது சற்று அநியாயம் என்பேன்; உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அக்கார்களில் மின்சாரம் வயர் வழியாகப் போய், வண்டியின் இரும்பு உடல் வழியாகத் திரும்பும். 1960களின் பிற்பகுதிவரை பற்றரியின் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆனால் எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பவை; ரப்பரில் மின்சாரம் பாயாது. எனவே கியர்பொக்ஸிலிருந்து உடலுக்கு, செம்புக் கம்பிகளைப் பின்னிய ஒரு பட்டியைப் போட்டிருப்பார்கள். எஞ்சினுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் வீடு திரும்பும் வழி அது ஒன்றே.

1970களின் பிற்பகுதியில் செய்தி சேகரிக்க நயினாதீவுக்குப் போகும்போது, வாடகைக்கு அமர்த்திய மைனர் புங்குடுதீவுத் தாம்போதியில் நின்றுபோயிற்று. சாரதி ஐம்பதைக் கடந்தவர். மூன்றாவது கியர் தானாகக் கழன்று விழுகிறது என்றும், கியர்பொக்ஸை இறக்க இரண்டு மாத உழைப்பு போய்விடும் என்றும் வழிநெடுக வருந்திக்கொண்டு வந்தவர். வேலணையிலிருந்து சைக்கிளில் வந்த மெக்கானிக் பிளக்கையோ கொயிலையோ தொடவில்லை. சாரதியை ஸ்ராட் பண்ணச் சொல்லிவிட்டு, சோக் கம்பியில் விரலை வைத்தார். "கை வைச்சுப் பாரும் தம்பி" என்றார் என்னிடம். சுட்டது. "இந்தக் கம்பிக்குள்ளாலை கரண்ட் போகவேண்டிய தேவை இல்லை. தன்ரை பாதை அடைபட்டுப்போச்சு, அதுதான் கண்ட வழியாலை ஓடுது."

வண்டியின் கீழே படுத்துப் பார்த்தபோது காரணம் துலங்கிற்று. ஒழுகிய எண்ணெயில் ஊறிக் கூழாகிப்போன கியர்பொக்ஸ் தாங்கி. அதன் அருகே பச்சைக் களிம்பு மூடி, இரண்டொரு நூலில் தொங்கிய செம்புப் பட்டி. தாங்கி தளர்ந்ததால் எஞ்சின் ஆடிற்று. ஆடியதால் கியர் கழன்றது. அதே ஆட்டத்தில் உப்பு தின்ற பட்டியும் அறுந்தது. தொட்டபோது ஓடிற்று, விட்டபோது நின்றது. சாரதி இரண்டு நோய்கள் என்று நினைத்திருந்தவற்றுக்கு வேர் ஒன்றே. தடித்த வயர் ஒன்றை எஞ்சினுக்கும் உடலுக்குமாகக் கட்டி எங்களை அனுப்பிவைத்தார். பின்னர் தாங்கியை மாற்றியதோடு கியரும் நின்றது என்று சாரதி சொன்னார்.

இன்னொரு வழமையான குற்றவாளி, மைனரின் மின்சாரப் பெற்றோல் பம்ப். சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று கேட்கவேண்டும். உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகினால் அது நினைத்தபோது வேலை செய்யும். ஒரு தட்டுத் தட்டினால் உயிர் பெறும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்டவற்றுள் அடங்கும். ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் தரையிறங்கியபின் பண்ணைப் பாதை அடைபட்டது. தீவக மக்களில் பெருந்தொகையானோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். குடாநாட்டில் இதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் குழாய்மூலம் காபிரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடேறியதும் மாற்றுவர். இடித்து முழங்காமலிருக்கத் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துவர். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கில் கரி ஏறும். அக்காலத்தில் வண்டி எதனால் நின்றாலும் பழி மண்ணெண்ணெய்க்கே போயிற்று. கைதேர்ந்தவர்கள் மட்டும் முதலில் ஒரு பல்ப்பையும் இரண்டு வயரையும் எடுத்துக்கொண்டு ஏர்த்தைப் பார்த்தனர்.

புலம்பெயர்ந்த வாசகர்கள் இதைப் பழங்கதை என்று தள்ளவேண்டாம். லண்டனில் பழைய மிட்ஜெட் ஒன்றை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், விளக்கு மங்குகிறது, பிரேக் மிதித்தால் பின்விளக்கு அணைகிறது, சில நாளில் ஸ்ராட் ஆவதில்லை என்று தொலைபேசியில் முறையிட்டார். சோக் கம்பியைத் தொட்டுப் பாரும் என்றேன். சிரித்தார்; மறுநாள் சிரிக்கவில்லை. இன்றைய தானியங்கி கியர்பொக்ஸ்களிலும் இந்த நோய் வேறு வேடத்தில் வருகிறது. அவற்றை ஆளும் கணினிக்கு ஏர்த் சரியாகக் கிடைக்காவிட்டால், அது தவறான அளவுகளைப் படித்து, தற்காப்புக்காக வண்டியை ஒரே கியரில் பூட்டிவிடும். எச்சரிக்கை விளக்கைக் கண்டு கியர்பொக்ஸையே மாற்றியோர் உண்டு. 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம்வரை இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோது, பழையதைத் திருத்துகிறவர்களுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. ஆனால் அப்போது கராச்சுகளில் இருந்த இளைஞர் பலருக்குக் குறியீட்டைப் படிக்கும் கருவி தெரியும். சோக் கம்பி தெரியாது. வேலணைக்காரரிடம் தொழில் பழகிய எவரையும் நான் பின்னர் சந்திக்கவில்லை.

நெடுந்தீவு மட்டும் இக்கதைக்கு வெளியே நிற்கிறது. அங்கே பாலம் இல்லை. வண்டி எதுவானாலும் கடலைக் கடந்தே இறங்கவேண்டும். அங்கு நெடுங்காலம் ஆட்களையும் சாமான்களையும் சுமந்தது டீசல் உழவு இயந்திரம். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். கொயில் இல்லை, பொயின்ற் இல்லை. இருசக்கர லாண்ட்மாஸ்ரரானால் பற்றரியும் வேண்டியதில்லை. கைப்பிடியைப் போட்டுச் சுழற்றினால் போதும்.